ரகசிய உளவு வேலை ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையை மாற்றிவிடுமா?
மாற்றும், சில சமயம் கால் நூற்றாண்டு கழித்து வட்டியோடு. ஈரானைப் பாருங்கள். 1951இல் பிரதமர் மொசாடெக், பிரிட்டிஷ் கம்பெனி கையிலிருந்த எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கினார். 1953 ஆகஸ்டில் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவும் பிரிட்டிஷ் உளவு அமைப்பான எம்ஐ6உம் சேர்ந்து அவரைக் கவிழ்த்தன. முதல் முயற்சி சொதப்பல்: மொசாடெக்கை நீக்கும் மன்னரின் ஆணையை நள்ளிரவில் கொண்டுபோன கர்னலே கைதானார், மன்னர் ஷா பாக்தாதுக்குப் பறந்துவிட்டார். 19ஆம் தேதி, காசு கொடுத்துத் திரட்டிய கூட்டமும் டாங்கிகளும் தெஹ்ரான் தெருவில் இறங்கின, ஆட்டம் முடிந்தது.

அதன்பின் அமெரிக்காவின் ஈரான் கொள்கை என்றாலே ஷாதான். 1979 புரட்சியில் ஓடிய அவரைச் சிகிச்சைக்கென்று அமெரிக்கா உள்ளே விட்டதும், 'மறுபடியும் 1953ஆ?' என்ற பயம் தெஹ்ரானில் கிளம்பியது. மாணவர்கள் அங்கிருந்த அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்தார்கள். 52 பேர் 444 நாள் பிணைக்கைதிகள். சிஐஏ தன் பங்கை ஒப்புக்கொள்ளும் ஆவணம் வெளியானது 2013இல். ஊருக்கே தெரிந்த ரகசியம் அது!