டென்னிஸ் ஸ்கின்னர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

2016இல் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூனை 'டாட்ஜி டேவ்' (தில்லுமுல்லு டேவ்) என்று சொல்லி அவையிலிருந்து வெளியேற்றப்பட்ட லேபர் (தொழிலாளர் கட்சி) எம்.பி. டென்னிஸ் ஸ்கின்னரின் காணொளியைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. ஆனால் 49 வருடம் எம்.பி.யாக இருந்தும் ஒருமுறைகூட அமைச்சராகாமல், உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் விட்டதுதானா அவருடைய அரசியல்? இடதுசாரிகள் ஏன் இவரை இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் பார்த்தது அவருடைய சுமாரான ஆட்டம். பணக்காரர்களின் வெளிநாட்டு முதலீடுகளை அம்பலப்படுத்திய பனாமா ஆவணங்களில் கேமரூனுடைய அப்பாவின் முதலீட்டு நிதி அடிபட்ட சமயம் அது. சபாநாயகர் வாபஸ் வாங்கச் சொன்னதும் அதே வார்த்தையை இன்னொரு தரம் சொல்லிவிட்டு வெளியே போனார். துணிச்சல்தான், ஆனால் கூர்மை போதாது.

1990 நவம்பர் 22ஆம் தேதி நடந்ததைத் தேடிப் பாருங்கள். அன்று காலைதான் கன்சர்வேடிவ் கட்சிப் பிரதமர் மார்கரெட் தாட்சர் பதவி விலகலை அறிவித்திருந்தார். மதியம் அவையில் ஒரு உறுப்பினர் அவரிடம், பதவியை விட்டபிறகும் ஐரோப்பாவுக்கான பொது நாணயத்தையும் சுதந்திரமான மத்திய வங்கியையும் எதிர்ப்பீர்களா என்று கேட்கிறார். தாட்சர் வாயைத் திறப்பதற்குள் ஸ்கின்னர், "இல்லை, அவங்கதான் அதுக்கு கவர்னர் ஆகப்போறாங்க!" என்கிறார். அவையே அதிர்கிறது. தாட்சரும் "நல்ல யோசனையாயிருக்கே!" என்று சிரிக்கிறார். அன்று முழுக்க அவர் பேச்சில் தெரிந்த உற்சாகத்துக்கு இந்த எதிரியும் ஒரு காரணம் என்பேன்.

அப்புறம் அந்த வருடாந்தர ஒற்றை வரிகள். கூட்டத்தொடர் தொடங்கும் நாளில் ராணியின் தூதரான பிளாக் ராட் வந்து உறுப்பினர்களை மேலவைக்கு அழைப்பார். எல்லோரும் மௌனமாக நிற்கும் அந்த நொடியில் ஸ்கின்னர் ஒன்றைப் போடுவார். அரசு அஞ்சல்துறையை விற்கத் தயாராகிக்கொண்டிருந்த 2013இல், "ராயல் மெயில் விற்பனைக்கு! ராணி தலையும் தனியாருக்கு!" என்றார். அஞ்சல்தலையில் இருப்பது ராணியின் தலைதானே. ஒரு தலையங்கம் முழுக்க எழுத வேண்டிய விஷயம் அது.

சுரங்கத்தொழிலாளியாக இருந்து 1970இல் பால்சோவர் தொகுதியில் ஜெயித்தவர். ஆளுக்கொரு கட்சியிலிருந்து இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டு வாக்கெடுப்புக்கு வராமலிருக்கும் வழக்கம் அங்கே உண்டு. அதற்கு அவர் ஒத்துக்கொண்டதே இல்லை. எதிர்க்கட்சிக்காரனோடு ஒப்பந்தம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்ற மனசு. இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும், எப்போதும் அல்ல. பிரெக்ஸிட்டுக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதற்கு, ஆதரவாக அவர் வாக்களித்தது தவறு என்றே நினைக்கிறேன். அவர் தொகுதி மக்களும் பெருவாரியாக அப்படித்தான் வாக்களித்தார்கள். அதே மக்கள் 2019இல் அவரைத் தோற்கடித்து, பால்சோவரில் முதல்முறையாக ஒரு கன்சர்வேடிவ்காரரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, குரல் விட்டது மட்டும்தானா? 1985இல் மனிதக் கரு ஆராய்ச்சியைத் தடுக்க ஈனாக் பவல் என்ற எம்.பி. ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆதரவு தாராளமாக இருந்தது, நேரம்தான் போதவில்லை. கூடுதல் நேரம் கேட்கும் தீர்மானம் ஜூன் 7ஆம் தேதி வரவிருந்தது. ஸ்கின்னர் முந்திக்கொண்டு, பிரெக்கன்-ராட்னர் தொகுதி இடைத்தேர்தலை அறிவிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை எழுப்பினார். மரபுப்படி அதைத்தான் முதலில் எடுத்தாக வேண்டும். அதைப் பேசிப் பேசியே நேரத்தைத் தின்று தீர்த்தார்கள். பவலின் மசோதா செத்தது. ஆராய்ச்சி நிற்கவில்லை. 1990இல் அதை அனுமதித்து முறைப்படுத்தும் சட்டமே வந்துவிட்டது.