இங்கிலாந்தில் விக்டோரியா காலத்துப் பூங்கா ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் எதைப் பார்க்கலாம், ஏன்?

லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பர்க்கன்ஹெட் பூங்காவைப் பாருங்கள். லண்டனில் இல்லாத பூங்காவா, அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று தோன்றலாம். ஹைட் பார்க் போன்றவை அரசர்களின் வேட்டை நிலங்களாக இருந்து பிற்பாடு மக்களுக்குத் திறந்துவிடப்பட்டவை. பர்க்கன்ஹெட்டில் நடந்ததே வேறு. தன் மக்கள் உலவுவதற்காக ஓர் ஊர் நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்றச் செய்து, பொதுப்பணத்தில் நிலம் வாங்கிப் பூங்கா அமைத்தது. இவ்வகையில் இதுவே முதல் பூங்கா என்று சொல்லப்படுகிறது. இதற்கு முன்பே, 1840இல், டார்பி நகரில் ஜோசப் ஸ்ட்ரட் என்ற ஆலை அதிபர் அழகான தோட்டம் ஒன்றை நன்கொடையாக அளித்திருந்தார். ஆனால் அங்கே வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே இலவச அனுமதி. ஒரு செல்வந்தர் மனமுவந்து கொடுப்பதற்கும், ஊரே தனக்கு உரிமையாக்கிக்கொள்வதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது என்று நான் நினைக்கிறேன்.

1801இல் பர்க்கன்ஹெட்டில் நூற்றுப்பத்துப் பேர்தான் வாழ்ந்தார்கள். மெர்சி ஆற்றில் நீராவிப் படகுகள் ஓடத் தொடங்கின, 1824இல் வில்லியம் லெயர்டின் இரும்புப் பட்டறை வந்தது, கப்பல் கட்டும் தொழில் வளர்ந்தது. 1841க்குள் மக்கள்தொகை எட்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. எதிர்க்கரை லிவர்பூலின் நெரிசலும் நோயும் கண்ணெதிரே இருந்தன. ஊரை நிர்வகித்த ஆணையர்கள் 1843இல் சட்ட அனுமதி பெற்று 226 ஏக்கர் வாங்கினார்கள். அதில் 125 ஏக்கரைப் பூங்காவுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியைச் சுற்றிலும் வீட்டுமனைகளாக விற்றுச் செலவை ஈடுகட்டுவது திட்டம். பூங்காவைப் பார்த்த வீடு என்றால் விலை கூடும் என்ற கணக்கு. மனைகள் எதிர்பார்த்த வேகத்தில் விற்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் இந்த வழிமுறையைப் பிற்காலத்தில் பல நகரங்கள் கையாண்டன.

வடிவமைத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். சாட்ஸ்வர்த் மாளிகையில் டெவன்ஷர் பிரபுவின் தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர்; 1851இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சிக்காகக் கண்ணாடி மாளிகையை வரைந்தவரும் இவரே. வேலையை நேரில் நின்று நடத்தியவர் எட்வர்ட் கெம்ப். அவருக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. பாக்ஸ்டனின் புகழில் கெம்பின் பெயர் மங்கிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

அவர்கள் கைக்குக் கிடைத்தது சதுப்பு நிலம். வடிகால் வெட்டி நீரை இறக்கினார்கள், இரண்டு ஏரிகள் தோண்டினார்கள், தோண்டிய மண்ணைக் கரையோரங்களில் மேடுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று இயற்கையான குன்று போலத் தெரிவதெல்லாம் அந்த மண்தான். ஏரி வளைந்து வளைந்து போகும். நடுவில் தீவுகள் மறைக்கும். கரையில் எங்கே நின்றாலும் முழு ஏரியும் கண்ணில் படாது. இன்னும் கொஞ்சம் போனால் என்ன வரும் என்று கால் தானாக நடக்கும். வண்டிகள் செல்லும் பாதை வெளிவட்டமாகச் சுற்றிப் போக, நடப்பவர்களுக்கு உள்ளே தனிப் பாதைகள். குதிரை வண்டி வைத்திருந்தவருக்கு ஒரு வழி, நடந்து வந்தவருக்கு ஒரு வழி; நீர்க்கரையோ நடந்து வந்தவருக்கு. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

கட்டடங்களில் மூன்று வளைவுகளும் பெரிய தூண்களும் கொண்ட பெருவாயில் கம்பீரமானது. கீழ் ஏரியில் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் ரோமானியப் படகு இல்லமும், கூரையுள்ள மரப்பாலமான சுவிஸ் பாலமும் உண்டு. சுற்றிலும் நுழைவிடங்களில் உள்ள காவல் வீடுகள் இத்தாலியம், காத்திக், நார்மன் என்று ஆளுக்கொரு பாணி. அவை சற்று அதிகப்படி என்பது என் எண்ணம்.

1847 ஏப்ரல் 5 அன்று, ஊரின் கப்பல்துறைகள் திறக்கப்பட்ட அதே நாளில், மோர்பெத் பிரபு பூங்காவைத் திறந்துவைத்தார். மூன்று ஆண்டுகள் கழித்து அமெரிக்காவிலிருந்து ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் என்ற இளைஞர் வந்தார். ஊரில் ஒரு ரொட்டிக் கடைக்காரர், பூங்காவைப் பார்க்காமல் போகாதீர்கள் என்று வற்புறுத்தி அனுப்பினார். சுற்றிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தீவில் இருந்த மண்டபத்தில் ஒதுங்கினார். எல்லா வகுப்பு மக்களும் அங்கே சேர்ந்து ஒதுங்கி நின்றதைக் கண்டார். ஜனநாயக நாடான அமெரிக்காவில் இதற்கு இணையாக ஒன்றுமே இல்லையே என்று எழுதினார். 1858இல் அவரும் கட்டடக் கலைஞர் கால்வர்ட் வாக்ஸும் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் திட்டத்தை வரைந்தபோது, வண்டிப் போக்குவரத்தையும் நடைபாதையையும் பிரித்து வைத்தார்கள். பர்க்கன்ஹெட்டில் நடந்துவிட்டு அந்த வரைபடத்தைப் பார்த்தால் உறவு புரியும்.

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரை ஒருமுறை அழைத்துப் போனேன். பெருவாயிலைப் பார்த்ததும் பையிலிருந்து பர்ஸை எடுத்து, "டிக்கெட் எங்கே வாங்க வேண்டும்?" என்று கேட்டார். "வேண்டாம் அத்தை, கட்டியபோதிருந்தே இங்கே வாசலில் பணம் வாங்குவதில்லை" என்றேன். அதன் பிறகுதான் நிதானமாக நடந்தார்.

இன்னொரு நினைவும் இந்த மண்ணில் உண்டு. வேல்ஸ் மக்களின் தேசியக் கவிதை விழாவான ஐஸ்டெட்வோட் 1917 செப்டம்பரில் இங்கே நடந்தது. பரிசு பெற்ற கவிஞரின் புனைபெயரைச் சொல்லி அழைத்தார்கள், யாரும் எழவில்லை. அவர் ஹெட் வின், டிராஸ்வனித் என்ற ஊரின் பண்ணைக்காரர் மகன். ஜூலை 31 அன்றே பெல்ஜியப் போர்முனையில் இறந்துவிட்டார். வென்ற கவிஞருக்குப் பரிசாகத் தரும் நாற்காலியின் மீது கறுப்புத் துணி போர்த்தினார்கள். பூங்காவில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பராமரிப்பு குறைந்து பூங்கா நலிந்தது. 2000களில் பெரும் செலவில் புதுப்பித்தார்கள். 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்துக்கான பிரிட்டனின் உத்தேசப் பட்டியலிலும் இடம்பெற்றது. அந்தத் தகுதி என்றைக்கோ வந்திருக்க வேண்டும்.

போக நினைப்பவர்கள் லிவர்பூல் ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறினால், ஆற்றுக்கு அடியில் சென்று மூன்றாவது நிறுத்தத்தில், பூங்காவின் பெயரே கொண்ட நிலையத்தில் இறங்கலாம். பெருவாயில் வழியாக நுழைந்து கீழ் ஏரியை முழுதாகச் சுற்றிவிட்டு, ஆஷ்வில் சாலையைக் கடந்து மேல் ஏரிக்குப் போங்கள். வெளிவட்ட வண்டிப்பாதையில் போகாமல் நீர்க்கரைப் பாதையில் நடந்தால்தான் பாக்ஸ்டனும் கெம்பும் செய்த வேலை தெரியும்.