தாய்ப்பாலா, ஃபார்முலாவா: முதல் குழந்தைக்கு எதை முடிவு செய்வது?

எட்டாம் மாதம் நடக்கிறது, தாய்ப்பால் மட்டும் கொடுப்பதா, ஃபார்முலாவுக்கு, அதாவது டப்பா பவுடர் பாலுக்கு, போய்விடுவதா என்று இப்போதே முடிவு செய்ய நினைக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். தாய்ப்பாலில் தொடங்குங்கள். ஃபார்முலாவை எதிரியாக நினைக்காதீர்கள். என் பதில் இவ்வளவுதான். ஆனால் இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நான் மருத்துவரோ நர்ஸோ இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவள். மூத்தவளை வைராக்கியத்தில் பட்டினி போட்டவள்.

மூத்தவள் சிசேரியனில் பிறந்தாள். எனக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. அவள் எடை 3,200 கிராம். முதல் இரண்டு நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அதில் தவறே இல்லை. முதல் நாளில் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 5 முதல் 7 மில்லி போதும். அதன் பிறகு, இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், பால் நன்றாக இறங்க வேண்டும். சிசேரியன், அதிக ரத்தப்போக்கு, சர்க்கரை, தைராய்டு என்று ஏதாவது இருந்தால் அது தள்ளிப்போகலாம். இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் மணிக்கணக்காக மார்பிலேயே கிடந்தாள். "சப்புறாளே, அப்புறம் என்ன?" என்று எல்லோருக்கும் நிம்மதி. சப்புவது வேறு, குடிப்பது வேறு. நாலாம் நாள் டயப்பரைப் பிரித்தால் நடுவில் செங்கல் பொடி தூவின மாதிரி ஒரு கறை. ரத்தமோ என்று பயந்து விளக்குக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். சிறுநீர் போதாமல் அடர்த்தியாகும்போது யூரேட் உப்பு அப்படிப் படியும் என்று பிறகுதான் தெரிந்தது. முதல் ஓரிரு நாளில் இருந்தால் பரவாயில்லை, நாலாம் நாளிலும் இருந்தால் உடனே காட்ட வேண்டும். அன்று சாயங்காலத்திலிருந்து அவள் அழவே இல்லை. தூங்கிக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் "சமத்துக் குழந்தை" என்றார்கள். அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவளைப் பார்த்து நானும் பெருமைப்பட்டேன்.

அன்று இரவு என் கணவர், "ஒரு டப்பா வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று கத்தினேன். ஒரு வேளை பவுடர் பால் கொடுத்தால் எல்லாம் போச்சு, நான் தோற்றுப்போனேன் என்று அவ்வளவு ஆழமாக என் மண்டையில் ஏறியிருந்தது. அந்த ஓர் இரவை இன்னமும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் தராசில் 2,820 கிராம். பிறந்த குழந்தைக்கு முதல் நாட்களில் எடை கொஞ்சம் குறையும். ஆனால் பத்து சதவீதத்தைத் தொட்டாலே கவலைப்பட வேண்டும். இவளுக்குக் கிட்டத்தட்ட பன்னிரண்டு. டாக்டர் என்னைத் திட்டவில்லை. ஒரு நர்ஸ் முப்பது மில்லி ஃபார்முலாவை ஸ்பூனால் ஊட்டினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். அரைமணி நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அந்த நர்ஸ் முக்கால் மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்தார். காம்பை மட்டும் சப்ப விடாதே, வாய் அகலத் திறக்கும்வரை காத்திரு, தாடை முதலில் மார்பைத் தொடட்டும், கீழ் உதடு வெளியே மடங்கியிருக்கட்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினார். "சத்தத்தைக் கேளும்மா" என்றார். 'கக்' என்று தொண்டையில் மெல்லிய விழுங்கும் சத்தம். அதுவரை நான் அதைக் கேட்டதே இல்லை.

பிறகு மூன்று வாரம் ஒரே சுழற்சி. முதலில் மார்பு, அடுத்து ஸ்பூனில் ஃபார்முலா, அதற்கப்புறம் கால் மணி நேரம் பம்ப் வைத்துப் பாலை எடுப்பது. மார்பு எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவுதான் மறுபடி ஊறும், அதற்காகத்தான் பம்ப். முதல் நாள் புட்டியின் அடி ஈரமானது, அவ்வளவே. ஒரு வாரம் கழித்துப் பத்து மில்லி வந்தபோது அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினேன். பதினாறாம் நாள் பிறந்த எடைக்குத் திரும்பினாள். ஃபார்முலா படிப்படியாகக் குறைந்தது. இரவில் ஒரு வேளை மட்டும் என் கணவர் கொடுப்பார், நான் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குவேன். ஆறு மாதம் வரை அப்படித்தான் ஓடியது.

இதைப் படித்துவிட்டு "தாய்ப்பாலின் மகத்துவம் தெரியாதவள்" என்று யாராவது எழுதுவார்கள், தெரியும். எனக்குத் தெரியும் ஐயா. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு திட உணவோடு இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நான் மறுக்கவே இல்லை. வயிற்றுப்போக்கு, காதுத்தொற்று, சளித் தொந்தரவு குறையும், தாய்க்கு மார்பகப் புற்றுநோய் அபாயமும் குறையும். பவுடர் கம்பெனிகள் ஆடிய ஆட்டத்தால்தான் 1981-ல் உலக சுகாதாரப் பேரவை ஒரு விற்பனை நெறிமுறையையே கொண்டுவந்தது. தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. விளம்பரத்தை நம்பச் சொல்லவில்லை. பசித்த குழந்தைக்கு மருந்து மாதிரி தேவைப்பட்டால் கூச்சப்படாமல் கொடுங்கள் என்கிறேன்.

இன்னொன்று. இளையவன் பிறந்து ஒரு மணி நேரத்திலேயே பிடித்துக் குடித்தான், மூன்றாம் நாளே பால் நன்றாக இறங்கிவிட்டது, ஸ்பூனே தேவைப்படவில்லை. "இந்தத் தடவை நல்லா முயற்சி பண்ணியிருக்கே" என்று பாராட்டினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அதே நான், அதே உடம்பு. முதல் தடவை பட்ட பாட்டில் பாதிகூட இப்போது படவில்லை.

ஃபார்முலா கொடுக்க நேர்ந்தால் சரியாகக் கலக்குங்கள். பவுடர் கிருமியில்லாதது இல்லை. கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் கலந்து, பிறகு பாத்திரத்தை வெளியே குளிர்நீரில் வைத்து ஆற்ற வேண்டும். கலந்தது வெளியே இரண்டு மணி நேரம்தான் தாங்கும். குழந்தை வாய் வைத்த மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பெரியவர், "மந்தமாகும், ஒரு ஸ்பூன் குறைச்சுப் போடு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் தண்ணீர் கூடினால் குழந்தை உடம்பில் உப்புச் சத்து குறைந்து வலிப்பு வரை போகலாம். டப்பாவில் போட்டிருக்கும் அளவே அளவு.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினால், நான் இரண்டு வருடம் கட்டிய திட்டம் வேறொருவர் கையில். "உங்களுக்குச் சிரமமா இருக்கும்னுதான்" என்றார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பம்ப் செய்ய ஸ்டோர் ரூம் சாவி கொடுத்தார்கள். வெளியே யாரோ கைப்பிடியைத் திருகும்போதெல்லாம் பால் நின்றுவிடும். பதற்றத்தில் பால் இறங்காது, உடம்பு அப்படி. "தாய்மை புனிதம்" என்று மகளிர் தினத்தில் பேசியதும் அதே மேலாளர்தான்.

சரி, உங்களுக்கு வருகிறேன். முதல் வாரத்தில் எண்ணிக்கொண்டே இருங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால், ஐந்தாம் நாளிலிருந்து குறைந்தது ஆறு ஈர டயப்பர். குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கினால் சமத்து என்று விட்டுவிடாதீர்கள். இப்போதே பிரசவம் பார்க்கப்போகிற இடத்தில் கேட்டு வையுங்கள்: குழந்தை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க ஆள் உண்டா, வீட்டுக்குப் போன பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு எந்த நம்பரைக் கூப்பிடலாம்? எனக்கு அந்த நம்பர் ஐந்தாம் நாள்தான் கிடைத்தது.