ஐகானை இரண்டு முறை அழுத்தினால் இரண்டு விண்டோ

கேள்வி: சி ஷார்ப்பில் ஒரு பில்லிங் மென்பொருள் எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கும்போது கடைக்காரர் ஐகானை மறுபடியும் கிளிக் செய்துவிடுகிறார். இரண்டு விண்டோ திறந்து, ஒரே பில் எண் இரண்டு முறை விழுகிறது. ஏற்கெனவே திறந்திருக்கிறதா என்று விண்டோவின் தலைப்பைத் தேடிப் பார்க்கும் நிரல் வரிகள் வைத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதல் பிரதி இன்னும் லோடாகிக்கொண்டிருக்கும்போது தேடினால் தலைப்பு எப்படிக் கிடைக்கும்? அதன் விண்டோவே இன்னும் உருவாகவில்லையே. தலைப்பை விட்டு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்) பெயரைத் தேடினால் வேறு வம்பு: இரண்டு பிரதியும் ஒன்றையொன்று பார்த்து, இரண்டுமே மூடிக்கொள்ளலாம். 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்பதற்கு அடையாளமாக லாக் ஃபைலை உருவாக்கி, அது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் வழியும் வேண்டாம். கரண்ட் போனால் ஃபைல் அப்படியே தங்கிவிடும். மறுநாள் கடை திறந்ததும் உங்களுக்குத்தான் போன் வரும்.

மெயின் ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே, வேறு எதையும் லோடு செய்யும் முன், பெயரிட்ட மியூடெக்ஸ் ஒன்றை, அதாவது விண்டோஸ் பராமரிக்கும் ஒரு பூட்டை, உருவாக்குங்கள். வேறு மென்பொருளோடு மோதாத பெயராக இருக்கட்டும். 'கிரியேட்டட் நியூ' என்ற மதிப்பு ட்ரூ என்று வந்தால் இதுதான் முதல் பிரதி; ஃபால்ஸ் என்றால் வெளியேறிவிடலாம். மென்பொருள் பாதியில் செத்தாலும் விண்டோஸே மியூடெக்ஸை விடுவித்துவிடும்.

பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. சோதனைக்கான டீபக் பில்டில் ஒழுங்காக ஓடும். கடைக்குக் கொடுக்கும் ரிலீஸ் பில்டில் மறுபடி இரண்டு விண்டோ வரும். மியூடெக்ஸை லோக்கல் வேரியபிளில் வைத்ததுதான் காரணம். கடைசியாகப் பயன்பட்ட வரி தாண்டியதும் பயன்படாத நினைவகத்தைத் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டர் அதை அள்ளிக்கொண்டு போகலாம். ஸ்டேட்டிக் ஃபீல்டில் வையுங்கள், அல்லது விண்டோ ஓடும் வரியை யூசிங் பிளாக்குக்குள் அடக்குங்கள்.

கேள்வி: ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைபவர் தனியாக ஒரு பிரதி திறந்துவிடுகிறாரே?

பதில்: முன்னொட்டு இல்லாத பெயர் அந்தந்த செஷனுக்குள் (ஒருவர் லாகின் செய்த அமர்வுக்குள்) மட்டும் செல்லும். கம்ப்யூட்டர் முழுதும் தடுக்க, பெயருக்கு முன் 'குளோபல்' என்ற சொல்லையும் பின்சாய்கோட்டையும் சேருங்கள். வேறு யூசர் உருவாக்கிய மியூடெக்ஸைத் திறக்கும்போது அனுமதி மறுப்புப் பிழை வரலாம். அதையும் 'ஏற்கெனவே ஓடுகிறது' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டாவது பிரதி சத்தமில்லாமல் மூடிக்கொண்டால் கடைக்காரர் குழம்பமாட்டாரா?

பதில்: குழம்புவார். ஆகவே பழைய விண்டோவை முன்னால் கொண்டுவர வேண்டும். இரண்டாவது பிரதி நேம்டு பைப் (இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழி) வழியாக முதலுக்குச் செய்தி அனுப்பலாம். ஆனால் பின்னணியில் கிடக்கும் மென்பொருள் தானாக முன்னால் வர விண்டோஸ் பெரும்பாலும் விடாது. டாஸ்க்பாரில் ஐகான் மட்டும் மினுக்கும். இப்போதுதான் கிளிக் செய்து திறந்த இரண்டாவது பிரதிக்கு அந்த உரிமை இருக்கிறது. செய்தி அனுப்பும் முன் 'அலவ் செட் ஃபோர்கிரவுண்ட் விண்டோ' ஃபங்ஷனை முதல் பிரதியின் புராசஸ் எண்ணோடு அழைத்து, உரிமையை அதற்குக் கொடுக்க வேண்டும்.

பில் எண் விஷயத்துக்கு மியூடெக்ஸை நம்பாதீர்கள். நாளை இரண்டாவது கவுன்டரில் இன்னொரு கம்ப்யூட்டர் வந்தால் இந்தத் தடை அங்கே செல்லாது. டேட்டாபேஸில் பில் எண் இருக்கும் நெடுவரிசைக்கு, ஒரே எண் இரண்டு முறை பதிவாகாமல் தடுக்கும் யுனீக் இண்டெக்ஸ் போடுங்கள்.