சூடானதும் நடுங்கி நின்றுபோகும் பழைய கார்: என்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: இருபது வயதைத் தாண்டிய பெட்ரோல் கார், வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. காலையில் ஒரே செல்ஃபில் கிளம்புகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய பிறகு சிக்னலில் நின்றால் நடுங்குகிறது, சில நேரம் அணைந்தே போகிறது. வேகமாகப் போகும்போது ஒன்றும் தெரிவதில்லை. மெக்கானிக், "ரிங் போயிருச்சு, என்ஜினை இறக்கணும்" என்கிறார். (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றிக் கசிவை அடைக்கும் வளையம்.)

இப்போதைக்கு இறக்க விடாதீர்கள். இதே நடுக்கத்தோடு நான் எட்டு மாதம் அல்லாடியவன்.

2009-இல் சேலத்தில் ஒரு புரோக்கர் மூலமாக 1997 மாடல் மாருதி 800 வாங்கினேன். கார்புரேட்டர் வண்டி, 796 சிசி, மூன்று சிலிண்டர். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அந்த ஆள், "டேப்பெட் சத்தம் கொஞ்சமாவது கேக்குதா பாருங்க, தையல் மெஷின் தோத்துரும்" என்றார். (டேப்பெட் என்பது வால்வுகளைத் தட்டித் திறக்கும் அமைப்பு.) நானும் தலையாட்டிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அந்த அமைதிதான் கோளாறு என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது வாரம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் முதல்முறை நின்றது. நான் போன முதல் பட்டறையில் கார்புரேட்டரைக் கழுவி, பிளக், பிளக் ஒயர், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் எல்லாம் மாற்றினார்கள். கிட்டத்தட்ட 6,000 ரூபாய். நடுக்கம் அப்படியேதான் இருந்தது. இரண்டாவது பட்டறையில் கம்ப்ரஷன் கேஜ், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைக் காட்டும் மானி, போட்டுப் பார்த்தார்கள். மூன்று சிலிண்டரிலும் 160 பி.எஸ்.ஐ.-ஐ ஒட்டி வந்தது. கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்று சொன்ன அதே வாயால், "எதுக்கும் ஒரு தடவ என்ஜினைப் பிரிச்சுப் பாத்துரலாம்" என்றார்கள். எதற்கு என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

கடைசியில் என் மாமா ஒரு பெரியவரிடம் கூட்டிப்போனார். பழைய அம்பாசிடர், பியட் காலத்து மெக்கானிக். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. சூடான வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, சைலன்ஸர் வாய்க்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தார். காகிதம் சீராக வெளியே படபடக்க வேண்டும். எங்கள் வண்டியில் அவ்வப்போது உள்பக்கமாக இழுபட்டது. பிறகு பானெட் பக்கம் வந்து காதைக் கொடுத்துக் கேட்டார்.

"தம்பி, இது காஸ்ல ஓடுன வண்டியா?"

"இல்லைங்கய்யா, ஆர்.சி. புக்குல பெட்ரோல்னுதான் இருக்கு."

டிக்கியைத் திறந்து பாயைத் தூக்கிக் காட்டினார். தரைத் தகட்டில் நான்கு போல்ட் துளைகள், எம்-சீல் வைத்து அடைத்துப் பெயின்ட் பூசியிருந்தது. வீட்டு சிலிண்டரை வைத்துத் திருட்டுத்தனமாகக் காஸில் ஓட்டிவிட்டு, விற்கும்போது கிட்டைக் கழற்றியிருக்கிறார்கள். (முறையாகப் பொருத்திய கிட் என்றால் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். வீட்டு சிலிண்டரில் கார் ஓட்டுவது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட.)

காஸுக்கும் சிக்னலில் நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. விஷயம் இதுதான். எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு என்ஜினிலேயே அதிகம் சூடாகிற பாகங்களில் ஒன்று. சூடானால் அதன் தண்டு நீளும். நீளுவதற்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் வால்வை அமுக்கும் ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே டேப்பெட் இடைவெளி என்று மயிரிழை அளவு விட்டுவைக்கிறார்கள். எல்.பி.ஜி. உலர்வாக எரியும், அதைத் தாங்கும்படி செய்யாத பழைய ஹெட்டுகளில் (சிலிண்டர்களின் மேல்மூடி) வால்வு உட்காரும் சீட் சீக்கிரம் தேயும். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் புதையும், தண்டு மேலே ஏறும், இடைவெளி குறைந்துகொண்டே வரும். சத்தமும் குறையும். புரோக்கர் சொன்ன தையல் மெஷின் ரகசியம் இவ்வளவுதான்.

இடைவெளி ஏறக்குறைய பூஜ்யமாகிவிட்ட வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடும், கம்ப்ரஷனும் சரியாகக் காட்டும். சூடேறி தண்டு நீண்டதும் வால்வு முழுதாக மூடாது (காகிதம் உள்ளே இழுபட்டது இதனால்தான்). ஐடிலில் பிஸ்டன் மெதுவாக ஏறுவதால் காற்று கசிய நேரம் கிடைக்கிறது, அந்த சிலிண்டர் எரியாமல் மிஸ்ஸிங் அடிக்கிறது. வேகத்தில் கசிய நேரம் குறைவு, அதனால் ஓரளவு சமாளித்துவிடுகிறது. உங்கள் வண்டியின் அறிகுறிகளும் இதோடு ஒத்துப்போகின்றன.

பெரியவர் அதன் பிறகுதான் கேஜை எடுத்தார், அதுவும் சூட்டோடு. ஒன்றாவது 165, மூன்றாவது 155, நடு சிலிண்டர் 95. அதில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். 95 அசையவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்தச் சந்தை அடைத்து எண் ஏறியிருக்கும். ஏறாவிட்டால் கசிவு மேலே, வால்வில் அல்லது ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான கேஸ்கெட்டில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். இங்கே ஒன்றுதான் குறைவு. வண்டியை ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்தார். நடு எக்ஸாஸ்ட்டில் 0.05 மில்லிமீட்டர் தகடுகூட உள்ளே போகவில்லை. டேப்பெட் சரிசெய்யக் கூலி 300 ரூபாய்.

உங்கள் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ரிங் போனதை எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதுதான். ரிங் போன வண்டி ஆயில் குடிக்கும், ஆக்சிலேட்டர் மிதித்தால் நீலப்புகை தள்ளும், ஆயில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று ஆவி அடிக்கும். இதில் ஒன்றையும் நீங்கள் சொல்லவில்லை. கம்ப்ரஷனைச் சூட்டோடு எடுக்கச் சொல்லுங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் எண் பொய்யாக வரும்.

அதற்கு முன் காசில்லாமல் பார்க்கக்கூடியது, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பது. நடுங்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தினால் நடுக்கம் கூடவில்லையோ, அதுதான் குற்றவாளி. என் வண்டி மாதிரி பழசில் பிளக் ஒயரைக் காப்புள்ள குறடால் உருவுவார்கள். உங்களுடையது இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் அப்படிச் செய்யாதீர்கள், இக்னிஷன் எலக்ட்ரானிக்ஸ் பாழாகலாம்; இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றினால் போதும். ஒரே சிலிண்டர் மாட்டினால் வால்வு, பிளக், ஒயர், இன்ஜெக்டர் பக்கம் தேடுங்கள். எல்லாம் சேர்ந்து தள்ளாடினால் டேப்பெட்டை மறந்துவிட்டு, வெடித்த வேக்குவம் ஹோஸ், ஐடில் வால்வு, பெட்ரோல் பக்கம் போங்கள். நடுக்கமே இல்லாமல் பட்டென்று அணைந்து, அரைமணி ஆறிய பிறகு கிளம்பினால் சூட்டில் சாகிற காயிலாக இருக்கலாம்.

சில என்ஜின்களில் டேப்பெட் ஹைட்ராலிக், சரிசெய்ய ஒன்றும் இருக்காது. சிலவற்றில் ஸ்குரூவுக்குப் பதில் ஷிம் என்கிற மெல்லிய தகட்டை மாற்ற வேண்டும். உங்கள் மாடலின் கையேட்டில் எது, எவ்வளவு இடைவெளி என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். கையோடு டிக்கிப் பாயையும் தூக்கிப் பாருங்கள்.

டேப்பெட் சரிசெய்ததோடு என் கதை முடிந்துவிடவில்லை. தேய்ந்த சீட் தேய்ந்ததுதான். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இடைவெளி பார்த்துச் சரிசெய்து ஒன்றரை வருடம் ஓட்டினேன். பெட்ரோலில் தேய்மானம் மெதுவானதே தவிர நிற்கவில்லை. அப்புறம் ஹெட்டை மட்டும் கழற்றி, லேத்தில் புது எக்ஸாஸ்ட் சீட் அடித்து, வால்வு கிரைண்ட் செய்தோம். பிஸ்டன், ரிங் எதையும் தொடவில்லை. அன்று மாலை வண்டியை எடுத்தபோது டேப்பெட் டிக் டிக்கென்று கேட்டது. அடுத்த மாதமே அதே ரிங்கோடு ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினேன்.