மஞ்சப்பை ஏன் வீட்டிலேயே தங்கிவிடுகிறது?

அன்புள்ள ஐயா,

பிளாஸ்டிக் கெடுதல் என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கையை வீசிக்கொண்டு காய் வாங்கப் போகிறார்கள், கேரி பேக்கோடு திரும்புகிறார்கள். குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னாலும் கேட்பதில்லை. இது சோம்பலா, அக்கறை இல்லாததா?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் பெரிய காரணம் வேறு என்று நினைக்கிறேன். இப்போது பலரும் வேலை முடிந்து வருகிற வழியில்தான் காய் வாங்குகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் வீட்டில் தக்காளி இல்லை என்பதே நினைவுக்கு வருகிறது. பை வீட்டில் கிடக்கிறது, கவர் கடையில் இலவசமாகத் தொங்குகிறது. தராவிட்டால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்று கடைக்காரருக்கும் பயம்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை உண்டு. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. நல்ல இயக்கம். ஆனாலும் தினமும் மறக்காமல் பை எடுத்துப் போகிற பொறுப்பு முழுக்கத் தனி ஆளின் தலையில்தான் இருக்கிறது.

நீலகிரியில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். காட்டில் எறியப்பட்ட மது பாட்டில்கள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022ல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான பாட்டில்கள் கடைக்கே திரும்பி வந்தன. குடிக்கிறவர்கள் அதே ஆட்கள்தான். பாட்டிலை வாங்கிக்கொள்ள ஓர் இடமும், கொண்டுபோய்க் கொடுக்க ஒரு காரணமும் புதிதாக வந்திருந்தன. வேலை கூடுகிறது என்று கடை ஊழியர்கள் சொல்வது நியாயம்தான். அதற்குத் தனியாக ஆள் போடவேண்டும்.

உங்கள் குப்பை விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையாகவே கோபம் வருவது இங்கேதான். பிரித்துத்தான் கொடுக்கவேண்டும் என்று 2016ஆம் ஆண்டிலேயே திடக்கழிவு விதிகள் சொல்லிவிட்டன. மக்குவது, மக்காதது என்று பொறுமையாகப் பிரித்து வைத்த ஒரு பெண், இரண்டையும் வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதைப் பார்த்துவிட்டால் மறுநாள் எதற்குப் பிரிப்பார்? பிரிக்காதவரைப் பேசி மாற்றலாம். பிரித்து ஏமாந்தவரிடம் என்ன சொல்வீர்கள்?

அதனால் அடுத்தமுறை தெருக்காரர்களிடம் பேசுவதற்கு முன்னால், வார்டு கவுன்சிலரைப் பாருங்கள். வண்டியில் நடுவே தடுப்பு இருக்கிறதா, பிரித்து வாங்கும் குப்பை எங்கே போகிறது என்று கேளுங்கள். முடிந்தால் தெருவில் அப்படிப் பிரித்து ஏமாந்த பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.