நடவுக்கு 350, வரப்புக்கு 700: ஏன்?

கேள்வி: எங்களுக்கு 3 ஏக்கர் நஞ்சை. வரப்பு வெட்ட வரும் ஆணுக்கு 700 ரூபாய், நடவுக்கு வரும் பெண்ணுக்கு 350 தருகிறோம். கல்லூரியில் படிக்கும் மகள் இது அநியாயம் என்று சண்டை போடுகிறாள். ஆம்பளை வேலைதான் கஷ்டம், ஊர் வழக்கத்தை நாம் மட்டும் மாற்ற முடியாது என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: மகள் சொல்வதுதான் சரி, சகோதரி.

கஷ்டத்துக்குத்தான் கூலி என்றால் நடவுக்கு இவ்வளவு குறைவாகக் கொடுக்க முடியுமா? விடியும் முன் எழுந்து வீட்டுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு வந்து, சேற்றில் இறங்கி, குனிந்த முதுகு நிமிராமல் பின்னால் நகர்ந்துகொண்டே நடுகிறார்கள். வரப்பு வெட்டுவதும் லேசான வேலை இல்லை, ஆனால் பல ஊர்களில் ஆண்கள் மதியத்தோடு மண்வெட்டியைக் கழுவி வைத்துவிடுகிறார்கள். உங்கள் வயலில் யார் எத்தனை மணிக்குக் கரையேறுகிறார்கள் என்று ஒருநாள் பாருங்கள்.

சம வேலைக்குச் சம ஊதியம் என்று அரசியல் சட்டத்தின் 39-வது பிரிவு சொல்கிறது, 1976-லேயே சம ஊதியச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் 'ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை' பற்றித்தான் பேசியது. நாம் என்ன செய்திருக்கிறோம்? உழவு, வரப்பு, மருந்தடிப்பு எல்லாம் ஆம்பளை வேலை, நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு எல்லாம் பொம்பளை வேலை என்று முதலிலேயே பிரித்து வைத்துவிட்டு, கூலி பேசும்போது மட்டும் "அது வேற, இது வேற" என்கிறோம். அறுவடை மெஷின் வந்தபோதும் இதுதான் நடந்தது. கதிர் அறுத்த பெண்கள் கூலியை இழந்தார்கள், மெஷின் ஓட்டும் வேலை ஆண்களுக்குப் போனது.

2005-ல் சட்டமாகி வந்த நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தமிழ்நாட்டில் அதற்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அப்போது "நடவுக்கு ஆளே கிடைக்கவில்லை" என்று எத்தனை பேர் புலம்பினார்கள், அந்த ஆட்கள் ஏன் அங்கே போனார்கள் என்று யாராவது கேட்டார்களா?

சரி, ஊர் வழக்கம் என்ற பயம் பொய்யில்லை. நீங்கள் ஒருவர் கூட்டினால் பக்கத்து வயல்காரர் சண்டைக்கு வருவார், விவசாயத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியும். அதனால் ஒரே நாளில் 700 ஆக்கச் சொல்லவில்லை. நடவு நேரத்தை ஆண்களைப் போல மதியத்தோடு முடித்துக்கொள்ளலாம், கூலியைக் குறைக்காமல். அதற்குச் சில ஆட்கள் கூடுதலாகத் தேவைப்படலாம், அவர்கள் கூலிதான் கூடுதல் செலவு. அப்புறம் ஒவ்வொரு போகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வரும் சம்பாவுக்கு எவ்வளவு என்பதை நீங்களும் கணவரும் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். நடவுக்கு வரும் பெண்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள், மகளும் பக்கத்தில் இருக்கட்டும்.